லின்சி உயரத்துக்கு ஒரு புடலங்காய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். அடுத்த வீட்டு வேலை என்று தெரிந்தாலும் மூக்கை நுழைக்காமல் இருக்க வராது. என் சம்சாரம் செம்மொழி இதை முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சகாயராஜ் விஷயத்தில் அவள் பயந்தபடியேதான் ஆயிற்று. அதனால் அவன் கதையை எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டு நான் மட்டும் நைசாக நழுவிக்கொள்ள முடியாது.

சகாயராஜ் என் பக்கத்து வீட்டுக்காரன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே ஒரு கிளுவை வேலி, அவ்வளவுதான். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டர். காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை. வந்தால் வரும், வராவிட்டால் யார் சட்டையைப் பிடிப்பது? எனக்குப் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற வேலை. காலை ஐந்தரைக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இராஜாங்கம் என்கிற பெயரை ஊரில் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். மோட்டார்க்காரர் என்றால்தான் தெரியும்.

சகாயராஜின் அப்பா குழந்தைராஜ் இரண்டு ஏக்கர் குத்தகை நிலம் வைத்திருந்தார். நல்ல உழைப்பாளி. ஆனால் தொண்ணூறுகளில் வருஷா வருஷம் தண்ணீர் தாமதமாக வந்து குறுவைச் சாகுபடி என்ற பெயரே மறந்து போய்க்கொண்டிருந்தது. தொண்ணூற்றாறில் குத்தகையை விட்டுவிட்டு வந்து வாசலில் மண்வெட்டியைச் சாத்தினார். அந்த மாதமே சகாயராஜ், திருத்துறைப்பூண்டியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் காதர் மைதீன் மூலமாகக் குவைத்துக்குப் போனான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அங்கே என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? ரோட்டோரத்து மரங்களுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. விவசாயம் வேண்டாம் என்று விமானம் ஏறியவனை அங்கேயும் கையில் மண்வெட்டியைக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். நான் அதைச் சொல்லிச் சொல்லி அவனைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். "மணல்லயே வளக்குறோம்ணே, நம்ம மண்ணா இருந்தா என்னமா வரும்" என்பான்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அறுபது நாள் லீவு. இரண்டாயிரத்தில் வந்தபோது கீழ்வேளூர்ப் பக்கத்தில் அமலியைக் கல்யாணம் செய்துகொண்டான். லின்சி பிறந்தபோது அவன் இங்கே இல்லை. அவள் நடந்தபோதும் இல்லை, முதல் பல் விழுந்தபோதும் இல்லை. ஏழு வயதுப் பெண்ணோடு அவன் இருந்தது மூன்று லீவு, ஆக நூற்றெண்பது நாள். இதை நான் கணக்குப் போட்டு அவனிடமே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்று முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

பிள்ளை அவனை நேரில் "அப்பா" என்று கூப்பிட மாட்டாள். ஃபோனில் கூப்பிடுவாள். ஆள் எதிரே வந்து நின்றுவிட்டால் "அவங்க" என்றாகிவிடும். "அம்மா, அவங்க குளிக்கக் கூப்பிடுறாங்க", "அம்மா, அவங்க மிட்டாய் குடுத்தாங்க" என்று எல்லாமே அமலி வழியாகத்தான் போகும், வரும். அதில் கோபம் ஒன்றுமில்லை. பழக்கம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவன் முகம் போகிற போக்கை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து எட்டு, தை மாதம். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை, சாயங்காலம் ஃபோன் வரும். அமலி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் இரவல் வாங்கிய அரிவாளைத் திருப்பித் தரப் போனவன், நின்றுவிட்டேன். லின்சி ஸ்கூலில் அன்றைக்குக் காய்கறிப் பாடம் நடந்திருக்கிறது.

"புடலங்காய் நீளமா இருக்கும்னு டீச்சர் சொன்னாங்கப்பா. எவ்ளோ நீளம்?"

"உன் உசரத்துக்கு இருக்கும்டா. இந்த லீவுக்கு வர்றேன்ல, நம்ம கொல்லையிலயே காய்க்க வச்சுக் காட்டுறேன்."

லின்சி கொஞ்சம் யோசித்தாள். பிறகு ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். "நீங்க சொல்றதெல்லாம் ஃபோன்லதான்ப்பா நடக்கும்."

தப்பு அவள் பேரில் இல்லை. போன வருஷம் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வருகிறேன் என்றான், லீவு கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றான், அதுவும் இல்லை. பிள்ளை எதையும் மறக்கவில்லை. சகாயராஜ் ஃபோனில் சொன்னான். "இது நடக்கும்டா. நீ வேணா பாரு."

மறுநாளே அமலிக்கு உத்தரவு வந்துவிட்டது. விதையைச் சாணிப்பாலில் ஊற வை, கொல்லையில் மேடான இடமாகப் பார்த்து நாலு குழி போடு, பழைய எருவாகப் போடு என்று ஃபோனிலேயே விவசாயம். அமலி எல்லாவற்றையும் அப்படியே செய்தாள். தைப்பட்டம், புடலைக்கு ஏற்ற பட்டம்தான். அந்த விஷயத்தில் நான்கூடக் குற்றம் சொல்ல முடியவில்லை. லின்சி தன் உயரத்தைச் சமையல்கட்டுக் கதவு நிலையில் கரியால் கோடு போட்டு வைத்துக்கொண்டாள்.

மாசி பாதியில் சகாயராஜ் வந்து இறங்கினான். அந்த வருஷம் ஈஸ்டர் சீக்கிரமே வந்துவிட்டதால் தவக்காலம் தொடங்கிவிட்டிருந்தது. அவர்கள் வீட்டில் நாற்பது நாளும் மீன், கறி கிடையாது. அதனால் அமலியின் கொல்லை நன்றாகவே நிரம்பியிருந்தது. வெண்டை, கத்தரி, பாகல், தண்டுக்கீரை. இவன் எதையும் பார்க்கவில்லை. பெட்டியை வைத்ததும் நேரே புடலைக் குழிக்குப் போனான். நாலு கொடியும் உள்ளங்கையளவு விரிந்த இலையோடு பந்தல் காலைப் பிடித்து ஏறியிருந்தன. ஏழடி உயரத்துக்கு மூங்கிலை மாற்றிப் புதுப் பந்தல் போட்டான். காய் தரையைத் தொடக் கூடாதாம். "ஏன்டா, பந்தலா போடுற, கல்யாணக் கொட்டகையா?" என்று கேட்டேன். "காய் எறங்க எடம் வேணும்லண்ணே" என்றான்.

மாசிக் கடைசியில் பிஞ்சு பிடித்தது. முதலில் மூன்று, அப்புறம் எண்ணினால் ஏழு. புடலையை அப்படியே விட்டால் பாம்பு மாதிரி சுருண்டுகொள்ளும். பிஞ்சிலேயே நுனியில் சின்னக் கல்லாகப் பார்த்து நாரால் கட்டித் தொங்கவிட வேண்டும். அந்தக் கனம் இழுக்க இழுக்கக் காய் நேராக இறங்கும். எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். கல்லைப் பொறுக்குகிற வேலையை லின்சி எடுத்துக்கொண்டாள். ரோட்டுக்கு ஜல்லி கொட்டியிருந்த இடத்துக்குப் போய் ஒன்றே மாதிரி ஏழு கல் கொண்டுவந்தாள். அவன் ஏணியில் நின்று வாழைநாரால் கட்ட, அவள் கீழே நின்று ஒவ்வொன்றாக நீட்டினாள். "அம்மா, அவங்களுக்கு இன்னொரு கல்லு வேணுமா கேளுங்க" என்றாள். அவன் இரண்டு அடி தூரத்தில்தான் நின்றிருந்தான்.

தினமும் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் அவள் ஒரு காயோடு முதுகு காட்டி நிற்பாள். காய் நுனியும் அவள் குதிகாலும் ஒரு மட்டத்தில் வருமாறு அவன் கீழே செங்கல்லை அடுக்கி அவளை ஏற்றி இறக்கி நிறுத்துவான். காம்பு அவள் இடுப்பு வரைக்கும் வந்தது, அப்புறம் விலா வரைக்கும் வந்தது. ஒரு நாள் அவள் தானாகவே அவன் தோளைப் பிடித்துக்கொண்டு செங்கல்லில் ஏறினாள். அவன் ஆடாமல் அசையாமல் குனிந்தபடியே இருந்தான். அவள் இறங்கின பிறகும் அப்படியே இருந்தான்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு முடிந்து மூன்றாம் நாள் மழை பிடித்தது.

பங்குனியில் மழை என்றால் எங்களுக்குப் புழுதி அடங்க ஒரு தூறல். அதுவும் எப்போதாவதுதான். அந்த வருஷம் ஐப்பசி மாதிரி இறங்கியது. டிவியில் ஒருத்தர் குச்சியை வைத்துக் கடலைத் தொட்டுத் தொட்டு ஏதோ சுழற்சி என்று காட்டினார். காட்டி என்ன பண்ண? வயலில் உளுந்தும் பயறும் காய்ந்து அறுப்புக்கு நின்றிருந்தன. எனக்கும் மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர், உளுந்து. இரண்டாம் நாளே நெற்று ஊறிவிட்டது. நாலாம் நாள் செடியிலேயே முளை கிளம்பிவிட்டது. வரப்பில் குடையோடு நின்று அதைப் பார்த்துவிட்டு வந்தேன். செம்மொழியிடம் சோறு சரியில்லை என்று சண்டை போட்டேன். அன்றைக்குச் சோறு நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் மண் களிமண். தண்ணீரைக் குடிக்காது, விடவும் செய்யாது. கொல்லையில் கணுக்கால் அளவு நின்றுவிட்டது. சகாயராஜ் பெரிய வியாழன் காலையிலிருந்து வடிகால் வெட்டினான். வெட்டி எங்கே விடுவது? வெளியே வாய்க்கால் நிரம்பி வழிந்தது. வாய்க்காலுக்கு வெளியே வயல் நிரம்பி நின்றது. அவன் வெட்டிய வழியாகவே தண்ணீர் உள்ளே வந்தது. உடனே மண்ணைப் போட்டு அடைத்துவிட்டு வாளியால் இறைக்க ஆரம்பித்தான். நானும் வேலியைத் தாண்டிப் போய் ஒரு வாளி எடுத்தேன். ஒரு மணி நேரம் இறைத்தோம். நான் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்திருந்தேன், தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை.

"விடுடா சகாயம். வானத்த எறைக்க முடியுமா?" என்றேன்.

"பேசாம எறைங்கண்ணே" என்றான். என்னிடம் அவன் அப்படிப் பேசினது அது ஒரு தடவைதான்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதைக்குக் கோயிலுக்குப் போனவர்கள் நனைந்துகொண்டே போய் நனைந்துகொண்டே வந்தார்கள். சனிக்கிழமை காலை காற்றும் சேர்ந்தது. ஊறிப்போன மண்ணில் பந்தல் கால் நிற்கவில்லை. ஏழடிப் பந்தல் அப்படியே மேற்காகச் சாய்ந்து உட்கார்ந்தது. சத்தம் கேட்டு ஓடினேன். லின்சி அமலியின் பின்னால் நின்றுகொண்டு சேற்றில் கிடந்த காய்களை எண்ணினாள். ஏழும் கீழே. நாலு முறிந்திருந்தன. மூன்று முழுசாக இருந்தாலும் நுனி அழுகியிருந்தது. கட்டியிருந்த கற்கள் மட்டும் ஒன்றும் ஆகாமல் நாரோடு கிடந்தன.

ஈஸ்டருக்கு மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. அது இன்னும் மோசம். காலடியில் தண்ணீர் நிற்கிறது, கத்தரிச் செடி வாடித் தலை தொங்குகிறது. வெண்டை மஞ்சளாகிவிட்டது. கீரை அழுகிய நாற்றம் தெருவரைக்கும் வந்தது. நாலு புடலைக் கொடியில் மூன்று வேர் செத்துச் சுருண்டன. வயல் சேதம் எழுத அதிகாரிகள் வந்தார்கள், உளுந்தைப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். கொல்லையை யார் எட்டிப் பார்ப்பார்கள்? வீட்டுக் கொல்லைக்கு எந்த ஃபாரத்திலும் இடம் கிடையாது. ஊரே உளுந்துக்கு அழும்போது புடலங்காய்க்காக அழுகிறேன் என்று அவனால் வெளியே சொல்லவும் முடியவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. நானும் என் உளுந்தைப் பற்றி அவனிடம் பேசவில்லை.

ஒரு கொடி மட்டும் பிழைத்தது. மேட்டு ஓரத்தில் இருந்த கொடி. பந்தலைத் தூக்கி நிறுத்தி, அதை மெல்ல ஏற்றிக் கட்டினான். பக்கக் கிளை விட்டது. பூவும் எடுத்தது. அதற்குள் பனி வந்துவிட்டது. பங்குனிப் பாதியில் பனி என்றால் நம்புவீர்களா? காலை எட்டு மணிவரை எதிர்வீடு தெரியாது, ஒன்பது மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். இலையில் மாவு தூவின மாதிரி வெள்ளை பிடித்தது. பெண்பூ வந்த வேகத்தில் பழுத்து உதிர்ந்தது. புடலைப்பூ அந்தியில் விரிந்து விடியற்காலை வரைக்கும்தான் இருக்கும். அந்தப் பனியில் எந்தப் பூச்சி வரும்?

சகாயராஜ் விடியற்காலையில் ஏணி போட்டு ஏறி ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் வாயில் தொட்டுத் தொட்டு வைத்தான். மோட்டார் போடப் போகும்போது பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"என்னடா பண்ற?"

"மகரந்தம் வக்கிறேண்ணே. அங்க ஒரு பங்களாத் தோட்டத்துல ஒரு மலையாளத்தாரு வெள்ளரிக்குச் செஞ்சு காமிச்சாரு."

ஆறு பூவுக்கு வைத்தான். ஐந்து உதிர்ந்தது. ஒன்று நின்றது. அது பிஞ்சு என்று நிச்சயமான நாள் ஏப்ரல் நாலு. குவைத்துக்கு விமானம் பிடிக்க அவன் பஸ் ஏற வேண்டியது இருபத்தொன்று, திங்கட்கிழமை சாயங்காலம். லின்சி மறுபடியும் போய் ஒரு கல் கொண்டுவந்தாள். இந்தத் தடவை அவள் கையை நீட்டிக் கொடுக்கவில்லை. ஏணியின் கீழ்ப்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

ஒரு வாரம் பார்த்துவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு காதர் மைதீன் ஆபீஸுக்குப் போனான். பத்து நாள் தள்ளிப் போக வழி உண்டா என்று கேட்டான். காதர் மைதீன் நல்ல மனுஷர். டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டிக்கெட்ட மாத்திடலாம் தம்பி. கம்பெனி ஒத்துக்கணும். லெட்டர்ல காரணம் எழுதணும். என்ன காரணம்னு போட?"

சகாயராஜ் என்னைப் பார்த்தான். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"வீட்ல யாருக்காவது முடியலையா?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். "தங்கச்சிக்கு நிச்சயம், அப்பாவுக்கு ஆபரேஷன், இப்புடி ஏதாவது இருந்தாத்தான் விடுவாங்க."

"அப்பா போயி நாலு வருசமாச்சு பாய். தங்கச்சி கெடையாது."

"அப்ப என்னதான் காரணம்?"

"ஒண்ணுமில்ல பாய்" என்றான். வாயைத் திறந்து புடலங்காய் என்று எப்படிச் சொல்வான்? நான் சொல்லியிருப்பேன். என் கையை அழுத்திப் பிடித்துவிட்டான். ஆனாலும் காதர் மைதீன் குவைத்துக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டார். இருபத்துமூன்றாம் தேதி வேலையில் நிற்காவிட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்வோம் என்று பதில் வந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

காய் இறங்கியது. அதைக் குறை சொல்லக் கூடாது, பாவம். அந்த ஒற்றைக் கொடி தன்னால் முடிந்ததைச் செய்தது. மறுபடி செங்கல் அடுக்கினார்கள், மறுபடி காயோடு முதுகை வைத்து அளந்தார்கள். இடுப்பு, விலா, தோள். ஆனால் லின்சி இப்போது சிரிக்காமல் நின்றாள். "அம்மா, அவங்க எப்ப போறாங்க?" என்று கேட்டாள். அமலி "திங்கக்கெழம" என்றாள். லின்சி விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டாள். அன்று வெள்ளிக்கிழமை. காய் அவளைவிட ஒரு சாண் குறைவு.

என் மூளை சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு சாண் என்றால் பன்னிரண்டு விரல். காய் நாளைக்கு மூன்று விரல் இறங்குகிறது. திங்கள் மத்தியானத்துக்குள் ஒன்பது விரல். மூன்று விரல் இடிக்கிறது. வெறும் மூன்று விரல். அந்த மனுஷன் பன்னிரண்டு வருஷமாக மணலில் நின்று தண்ணீர் விடுகிறான், இரண்டு மாதமாகச் சேற்றில் நிற்கிறான். மூன்று விரலில் போய்விடுமா? எனக்கு மழையின் மேல், பனியின் மேல், அந்தக் குவைத்துக் கம்பெனியின் மேல், எல்லாவற்றின் மேலும் ஆத்திரம். எதையும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. கல்லை மட்டும் மாற்றலாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் மூன்று பேரும் கோயிலுக்கு, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போயிருந்தார்கள். மோட்டார் ரூமில் பழைய பம்பில் கழற்றிய ஒரு நட்டு கிடந்தது. எலுமிச்சம்பழம் அளவு, நல்ல கனம். ஜல்லிக்கல்லுக்கு மேலே அதையும் சேர்த்துக் கட்டிவிட்டு வந்தேன். கனம் கூடினால் இழுப்பு கூடும், இழுப்பு கூடினால் நீளம் கூடும் என்பது என் கணக்கு. செம்மொழி வேலி ஓரமாக நின்று பார்த்தாள். "என்னா பண்ணிட்டு வர்றீங்க?" என்றாள். "ஒன் வேலயப் பாரு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டாரைப் போட்டுவிட்டு ஆறரைக்குத் திரும்பினேன். சகாயராஜ் பந்தலடியில் நின்றிருந்தான். காய் தரையில் கிடந்தது. காம்போடு கிழிந்து விழுந்திருந்தது. நல்ல வேளை முறியவில்லை என்று ஒரு நிமிஷம் முட்டாள்தனமாக நினைத்தேன். முறியாமல் இருந்து என்ன? பறித்த காய் வளருமா?

அவன் குனிந்து நாரை அவிழ்த்தான். நட்டைக் கையில் எடுத்து மண்ணைத் துடைத்தான். வேலி ஓரம் வந்து என்னிடம் நீட்டினான்.

"மோட்டார் ரூமு நட்டுல்லண்ணே இது. வச்சுக்குங்க, வேணும்."

நட்டை வாங்கிக்கொண்டேன். ஊரில் எல்லாரையும் திட்டுகிற வாய். "திட்டுடா" என்றேன். "நாலு வார்த்த திட்டிடுறா."

"நானும் ரெண்டு நாளா அதத்தான் நெனச்சேண்ணே. பெரிய கல்லாக் கட்டலாமான்னு. பயமா இருந்துச்சு, விட்டுட்டேன்" என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இந்த வயதில் இதை எழுத வேண்டியிருக்காது.

அதற்குள் லின்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்துவிட்டாள். காயைப் பார்த்தாள். மேலே அறுந்த கொடியைப் பார்த்தாள். நான் நட்டை மடியில் மறைத்தேன். நான்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சகாயராஜ் முந்திக்கொண்டான்.

"காத்துல விழுந்துட்டும்மா."

அன்று ஓர் இலைகூட அசையவில்லை. லின்சி உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று, கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்த அமலி பின்னாலேயே எழுந்தாள். லின்சி அழவில்லை. பாயைத் தூக்கிக்கொண்டு வந்து பந்தலடியில் விரித்தாள். காயை இரண்டு கையாலும் தூக்கிப் பாயில் நேராக வைத்தாள். அதன் பக்கத்தில், காம்புக்கு நேராகத் தலையை வைத்து மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

காய் அவள் கணுக்காலுக்கு மேலேயே முடிந்துவிட்டது. அரைச் சாண் குறைந்தது. அவள் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். பிறகு முழங்காலைக் கொஞ்சம் மடக்கினாள். இன்னும் கொஞ்சம் மடக்கினாள். குதிகால் காயின் நுனிக்கு நேராக வந்ததும் நிறுத்தினாள்.

"சரியா இருக்குப்பா" என்றாள்.

நேரில் அவனை அவள் அப்பா என்று கூப்பிட்டதை அன்றைக்குத்தான் நான் கேட்டேன். சகாயராஜ் பாய் ஓரத்தில் உட்கார்ந்து தலைப்பக்கம் பார்த்தான், கால்பக்கம் பார்த்தான். கூடாரம் மாதிரி தூக்கி நின்ற அந்த இரண்டு முழங்காலையும் பார்த்தான். "ஆமாடா, சரியா இருக்கு" என்றான். காலை நீட்டு என்று சொல்ல அங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அமலி அந்தக் காயைப் பயறு போட்டுக் கூட்டு வைத்தாள். எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. சாயங்காலம் அவன் பஸ் ஏறினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோடுவரைக்கும் போனேன். அந்த நட்டு இன்றைக்கும் மோட்டார் ரூம் ஜன்னலில்தான் இருக்கிறது. எந்த போல்ட்டுக்கும் அது சேரவில்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல அடைமழை, அந்த மாதத்துக்கு வர வேண்டிய மழைதான். அமலி வீட்டுச் சமையல்கட்டில் ஃப்யூஸ் போட நின்றிருந்தேன். குவைத்திலிருந்து ஃபோன் வந்தது. லின்சிதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"எவ்ளோ வளந்துருக்க லின்சி? அடுத்த லீவுக்கு அதுக்குத் தக்கன நீளமா வேணும்ல" என்று கேட்டான்.

நிலையில் பழைய கரிக்கோட்டுக்கு மேலே இரண்டு விரல் தள்ளி ஒரு புதுக்கோடு இருந்தது. கரி இன்னும் மங்கவில்லை. லின்சி அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான் வளரவே இல்லப்பா" என்றாள். "அப்படியேதான் இருக்கேன்."